ஏழு பாட்டில் சேறு

தஞ்சாவூர்
9 நவம்பர் 2024

எழில்,

உன்னைப் பதினொரு தடவை கூப்பிட்டுவிட்டேன். என் நம்பரை நீ பிளாக் செய்திருக்கிறாய் என்பது எட்டாவது தடவையில்தான் உறைத்தது. மிச்ச மூன்று தடவை வீம்புக்குக் கூப்பிட்டது. வேறு வழியில்லாமல் தபாலாபீசுக்குப் போய் உறை வாங்கி எழுதுகிறேன். கடைசியாக நான் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புப் பரீட்சையில், அதுவும் இல்லாத ஒரு மாமாவுக்கு. தப்புத் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்.

திங்கட்கிழமை நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போன பிறகு அரசப்பன் சார், "கோவம் வந்தா வரட்டும். பிப்ரவரி பன்னெண்டாம் தேதி கமிட்டி கூடுது. அதுக்குள்ள கையெழுத்துப் போட்ட லெட்டர் என் மேசைக்கு வந்தாகணும்" என்றார். அந்த லெட்டரின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். 'என் கவனக்குறைவால் பாட்டில்கள் மாறிவிட்டன. அதனால் தவறான முடிவு கிடைத்தது. அதைத் திரும்பப் பெறுகிறேன்.' அவ்வளவுதான். இதைக் கொடுத்தால் மிச்சமிருக்கும் நாலு அத்தியாயத்தோடு தீசிஸைச் சமர்ப்பிக்க விடுவார். கொடுக்காவிட்டால் உன் பிஎச்.டி. பதிவையே ரத்து செய்யச் சொல்லி எழுதப்போகிறாராம். ஐந்து வருஷம், எழில்.

என் மேல் உனக்கு ஆத்திரம் இருக்கும். உன் சோதனையைத் திருப்பிச் செய்யச் சொல்லிச் சார் என்னிடம் கொடுத்தார், செய்தேன். அவர் சொன்ன மாதிரிதான் வந்தது. உனக்கு வந்த மாதிரி வரவில்லை. வந்ததைத்தானே நான் காட்ட முடியும்? நான் டெக்னீஷியன். வருஷா வருஷம் மார்ச்சில் அவர் புதுப்பித்தால்தான் எனக்கு அடுத்த வருஷம்.

ஒரு கையெழுத்துதானே. போட்டுவிட்டு வா. பட்டம் வாங்கிய பிறகு யாரோடு வேண்டுமானாலும் மல்லுக்கு நில். நானே உன் பக்கம் வந்து நிற்கிறேன்.

உன் குடையும் டிபன் பாக்ஸும் என்னிடம் இருக்கின்றன.

எல்சி


நீடாமங்கலம்
16 நவம்பர் 2024

எல்சி அவர்களுக்கு,

'அக்கா' என்று எழுதக் கை வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

குடையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், அங்கேயும் மழைதான். கையெழுத்துப் போட மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரி வரைக்கும் நீங்கள் ஆசையோடு படிக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய லெட்டரை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "பாட்டிலு மாறுச்சா பாப்பா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பறம் ஏன் மாறுச்சுன்னு எழுதணும்?" என்றார். இதற்கு மேல் இந்த விஷயத்தில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் சண்டை எதற்காக என்று அவருக்குத் தெரிய வேண்டும் இல்லையா, சொன்னேன்.

நம் வயல் சேற்றுக்குள் காற்று கிடையாது. அங்கே இருக்கும் பாக்டீரியா இரும்பை வைத்துத்தான் மூச்சு விடுகிறது. அதற்கு வேண்டிய புரதங்களைச் செய்யும் ஜீன்கள் எந்நேரமும் வேலை செய்வதில்லை. ஜீனுக்கு முன்னால் ஆர்.என்.ஏ. நூலாக ஓடி, தானே மடிந்து, ஒரு குழி பண்ணிக்கொள்கிறது. செல்லுக்குள் சுற்றும் ஒரு சின்ன மூலக்கூறு அந்தக் குழியில் வந்து உட்கார்ந்தால் நூல் வேறு மாதிரி மடியும். மடிந்தால் பின்னால் இருக்கும் ஜீன் வேலை செய்யும், இல்லாவிட்டால் செய்யாது, சுவிட்ச் மாதிரி. சொல்லி முடித்ததும் அப்பா கேட்டார்: "அதுக்குக் கண்ணு காது ஒண்ணும் கெடையாதா?" கிடையாது. "தொட்டுப் பாத்தே ஆளத் தெரிஞ்சுக்குதா?" ஆமாம். "கெட்டிக்காரப் பயலா இருக்கானே."

சண்டை அந்த உட்கார வரும் ஆளைப் பற்றியது. ஆர்.என்.ஏ. எழுத்துகளில் இரண்டு ஜி சேர்ந்த மூலக்கூறு ஒன்று. ஒரு ஜி, ஒரு ஏ சேர்ந்தது இன்னொன்று. பார்த்தால் அண்ணன் தம்பி. சார் 2016-இல் எழுதிய கட்டுரையில் நம் வயல் பாக்டீரியாவின் சுவிட்ச் இரட்டை-ஜியைத்தான் ஏற்கும் என்று எழுதிவிட்டார். என் பாட்டில் சேற்றில் இருந்து எடுத்த சுவிட்சில், குழி இருக்கும் இடத்தில் ஒரே ஓர் எழுத்து வேறு. அது இரட்டை-ஜியைக் கண்டுகொள்ளவே இல்லை. ஜி-ஏவைப் போட்டதும், நூல் மடிந்தால் ஒளிரும் சாயம் குழாயில் பச்சையாக மின்னியது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் மின்னியது. மூன்றாவது முறை நீங்களும்தான் என் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். வெளிநாட்டில் வேறு இரும்புப் பாக்டீரியாக்களில் இதைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நம் லேபில் மட்டும் அது நடக்கக் கூடாதாம், சாரின் கட்டுரைக்கு வலிக்குமாம்.

அன்றைக்கு மீட்டிங்கில் அவர் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "சேத்துலேருந்து வந்த பொண்ணு, சேத்தையே தூக்கிட்டு வந்துருச்சு." எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். என் தாத்தா பண்ணையாள், என் அப்பா ஒன்றரை ஏக்கருக்குச் சொந்தக்காரர், நான் சேற்றில் இருந்துதான் வந்தேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. நீங்கள் சிரித்ததுதான் இன்னும் வலிக்கிறது.

எனக்கு இரண்டு பதில் வேண்டும். நீங்கள் எந்த ஆர்.என்.ஏ.வை வைத்துத் திருப்பிச் செய்தீர்கள்? என் ஏழு பாட்டில் சேறு எங்கே இருக்கிறது?

பதிலைத் தாளில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அழிக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டு.

எழில்மொழி


தஞ்சாவூர்
25 நவம்பர் 2024

எழில்,

'எல்சி அவர்களுக்கு.' அதை நாலு தடவை படித்தேன். என் அம்மா கூட இவ்வளவு மரியாதையாக என்னைத் திட்டியதில்லை.

நான் சிரித்தது உண்மை. அது சிரிப்பே இல்லை, எல்லோரும் சிரிக்கும்போது வாய் தானாகக் கோணிக்கொள்கிறதே, அது. நீ அந்த லேபுக்கு வந்து ஐந்து வருஷம், நான் வந்து பதினொன்று. உனக்குக் கோபம் வந்தால் கதவைச் சாத்திவிட்டு ஊருக்குப் போக முடிகிறது. எனக்குக் கோபம் வந்தால் சோதனைக்குழாய் கழுவுகிறேன். எது சுலபம் என்று நீயே சொல்.

நீ கேட்டதற்குப் பதில். நம் பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வை வைத்துத்தான் செய்தேன். உன் பாட்டில்கள் ஏழும் குளிர் அறையில் பத்திரமாக இருக்கின்றன. போதுமா?

புயல் மழை என்று செய்தியில் சொல்கிறார்கள். உங்கள் பக்கம் பயிர் எப்படி இருக்கிறது? அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அந்தக் கையெழுத்தைப் பற்றி இன்னொரு தரம் யோசி. நான் உனக்குக் கெட்டது சொல்ல மாட்டேன்.

எல்சி


நீடாமங்கலம்
3 டிசம்பர் 2024

எல்சி அவர்களுக்கு,

மூன்று நாள் மழையில் பயிர் முங்கிக் கிடக்கிறது. அப்பாவும் அம்மாவும் வடிகாலை வெட்டிவிடப் போயிருக்கிறார்கள். நானும் போக வேண்டும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

என் பாட்டில்களை நான் ஒரு நாளும் குளிர் அறையில் வைத்ததில்லை. கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியில், இருட்டில், வெதுவெதுப்பாகத்தான் அவை ஒன்றரை வருஷம் இருந்தன. ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி 'எழில் – தொடாதே' என்று எழுதியிருந்தேன். தினமும் அந்தத் தொட்டியில் கை கழுவுகிற உங்களுக்கு அது தெரியும்.

ஆக நீங்கள் பொய் சொல்கிறீர்கள். ஐந்து வருஷத்தில் நீங்கள் ஒரு அளவைக் கூடத் தப்பாக எழுதி நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் பொய் சொல்ல வேண்டும் என்றால் பெரிதாக ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது?

எழில்மொழி


தஞ்சாவூர்
11 டிசம்பர் 2024

எழில்,

இதை மூன்று தாளில் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

உன் சேற்றைக் கொட்டியது நான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். நீ நடவுக்கு ஊருக்குப் போயிருந்தாய். வருஷா வருஷம் லேபைக் கழுவுகிற வேலை என் தலையில்தான் விழும், உனக்குத் தெரியும். அவர்கள் பூஜை போடுவார்கள், நான் பொட்டு வைத்துக்கொள்ள மாட்டேன், பொரி மட்டும் சாப்பிடுவேன், அதனால் கழுவுவது என் பங்கு. அன்றைக்கு சென்ட்ரிஃப்யூஜ் முதல் மின்விசிறி வரை துடைத்தாகிவிட்டது. மறுநாள் பூஜைக்கு டீன் வருகிறார் என்று சார் சுற்றிப் பார்த்தார். தொட்டிப் பக்கம் வந்ததும் மூக்கைப் பிடித்தார். "என்ன எல்சி, பொணவாடை அடிக்குது. சாமி கும்புடுற எடத்துல இப்படியா?" என்றார். கொட்டு என்று அவர் சொல்லவில்லை. அதை நான் அவர் மேல் போட மாட்டேன். ஆனால் கூட நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அலமாரியைத் திறந்தேன், உன் கையெழுத்தைப் படித்தேன், "ஆமா சார், ஒரே நாத்தம்" என்று சொன்னேன், ஏழையும் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டேன்.

அப்போது நான் நினைத்தது இதுதான்: சேறுதானே, அவள் ஊரில் இல்லாத சேறா, இன்னொரு வாளி கொண்டுவருவாள். ஒன்றரை வருஷமாக நீ அதை வளர்த்தாய் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அதோடு விட்டேனா, ஐஸ் பிடித்திருந்த உறைபெட்டியையும் சுரண்டினேன். உன் டி.என்.ஏ. குழாய்களை வெளியே எடுத்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மார்க்கர் எழுத்தெல்லாம் அழிந்து போனது. எது எது என்று யாராலும் இனிச் சொல்ல முடியாது. சுத்தமாக வைத்துவிட்டேன் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன், பார்.

இரண்டு வாரம் கழித்துச் சார் உன் சோதனையைத் திருப்பிச் செய்யச் சொன்னபோது கையில் ஒன்றும் இல்லை. கொட்டிவிட்டேன் என்று சொல்லப் பயம். அவருடைய 2016 கட்டுரையின் ஃபைலில் இருந்த எழுத்து வரிசையைக் கம்பெனிக்கு அனுப்பி அதன்படி ஆர்.என்.ஏ. செய்து வாங்கினேன். அதுவும் நம் பாக்டீரியாவுடையதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் ஃபைலில் இருந்ததைப் போட்டால் அவருக்கு வந்ததுதானே எனக்கும் வரும்?

நீ வெளியே போன அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெபம் பண்ணவும் வாய் வரவில்லை. உன்னிடம் சொல்லாமல் ஆண்டவரிடம் என்ன கேட்பது?

சாரிடம் சொல்லிவிடு. கமிட்டிக்கும் எழுது. நான் மறுக்க மாட்டேன். நானே போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் தினமும் காலையில் கிளம்புகிறேன். லேப் கதவு வந்ததும் மார்ச் மாசம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகம் இல்லை.

எல்சி


நீடாமங்கலம்
19 டிசம்பர் 2024

எல்சி அக்கா,

மன்னிக்கவில்லை. 'அக்கா' என்று எழுதியது நீங்கள் கடைசியில் உண்மையைச் சொன்னதற்காக.

கொட்டியதை விடுங்கள். 'நாத்தம்' என்று சொன்னீர்களே, அதைப் படித்துவிட்டு வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்து அழுதேன். எங்கள் அம்மா நடவு முடிந்து வீட்டுக்கு வந்தால் அதே வாடைதான் அடிக்கும். பள்ளிக்கூடத்தில் என் மேலும் அடித்தது. எத்தனையோ பேர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள், நான் திரும்பிக் கூடப் பார்த்ததில்லை. நீங்கள் என் டிபன் பாக்ஸில் கை விட்டுச் சாப்பிட்டவர். உங்கள் வாயில் இருந்து வந்ததால் தாங்கவில்லை.

சரி, அழுது முடித்தாகிவிட்டது.

நான் யாருக்கும் எழுதப்போவதில்லை. உங்களைக் காட்டிக்கொடுத்து நான் பட்டம் வாங்கினால் அந்தப் பட்டத்தை எங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட அப்பா விட மாட்டார். எனக்கு உங்கள் கண்ணீர் வேண்டாம், ஒப்புதல் வாக்குமூலமும் வேண்டாம். உங்கள் கை வேண்டும். அந்த லேபில் உங்களைப் போல் கை நடுங்காமல் ஆர்.என்.ஏ. பிரிக்க வேறு ஆள் கிடையாது.

நேற்று மேற்கு வயலில் இறங்கினேன். பயிர் பாதிக்கு மேல் தேறிவிட்டது. வரிசைக்கு நடுவில் ஒரு முழம் கையை விட்டு, அடியில் கறுப்பாக இருக்கும் சேற்றை எடுத்தேன். ஊறுகாய் பாட்டிலில் கழுத்து வரை அடைத்து, மேலே அதே வயல் தண்ணீரை வழிய வழிய ஊற்றி, மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி விட்டேன். காற்று போகாது. திங்கட்கிழமை அப்பா கொண்டுவருவார்.

இந்த முறை அதை ஒன்றரை வருஷம் வளர்க்க நேரம் இல்லை. சேற்றில் இருந்து நேராக டி.என்.ஏ.வை எடுங்கள். சுவிட்ச் இருக்கும் பகுதியை மட்டும் பெருக்கி, எழுத்து வரிசை படிக்க அனுப்புங்கள். ஆர்.என்.ஏ.வை அதில் இருந்து நீங்களே செய்யுங்கள். சாரின் ஃபைலைத் திறக்காதீர்கள், என் நோட்டையும் திறக்காதீர்கள். சேறு என்ன சொல்கிறதோ அதை மட்டும் எனக்கு எழுதுங்கள். நான் தப்பு என்று சொன்னாலும் அப்படியே எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லேபில் யாரும் இருக்க மாட்டார்கள். நீங்கள் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது தெரியும். ஆராதனை முடிந்து வாருங்கள்.

எழில்


தஞ்சாவூர்
20 ஜனவரி 2025

எழில்,

உன் அப்பாவைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். துண்டில் சுற்றிய பாட்டிலைக் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். "வர்ற வழியில கண்டக்டரு, என்ன பெரியவரே நாறுதுன்னான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ அவரிடம் சொல்லியிருப்பாயோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். "எங்க வயலு, நீ திங்கிற சோறு இதுலேருந்துதான்யா வருதுன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டான்" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலைக் கொடுத்தார். நீ சொல்லவில்லை என்று புரிந்தது. அப்படியே அவர் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

நான்கு ஞாயிறு வேலை செய்தேன். புத்தாண்டு ஆராதனைக்குக் கூடக் கையில் கையுறை வாடையோடுதான் போனேன். முதல் முறை டி.என்.ஏ. வரவில்லை, சேற்றில் இருக்கும் கரிப்பொருள் கெடுத்துவிட்டது. இரண்டாம் முறை கழுவிக் கழுவி எடுத்தேன். பத்துத் துண்டுகளைத் தனித்தனியாகப் படிக்க அனுப்பினேன். போன வியாழக்கிழமை வந்தது. பத்தில் ஒன்பதில், நீ சொன்ன அதே இடத்தில், நீ சொன்ன அதே எழுத்து. உன் நோட்டைத் திறக்கவில்லை. எனக்கு அந்த இடம் மனப்பாடம், அதற்கு நான் என்ன செய்ய?

நேற்று ஆர்.என்.ஏ. செய்து குழாயில் போட்டேன். ஒன்றில் இரட்டை-ஜி, ஒன்றில் ஜி-ஏ, ஒன்றில் வெறும் தண்ணீர். விளக்கை அணைத்து நீல விளக்கின் மேல் வைத்தேன். ஜி-ஏ மட்டும் மின்னியது. இரட்டை-ஜி சேர்ந்த குழாய்க்கும் தண்ணீருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அந்த இத்துனூண்டு நூல், கண்ணில்லாதது, யார் வந்தாலும் சார் சொன்ன ஆள்தான் வந்திருக்கிறார் என்று தலையாட்டவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, எழில்.

குழாய்களை எடுத்த படத்தை இன்று காலை சாரிடம் காட்டினேன். நீ கேட்டதால் செய்தேன் என்று மட்டும் சொன்னேன். "இது புதுச் சேறு. அவ முன்னாடி வச்சிருந்தது என்னன்னு யாருக்குத் தெரியும்? லெட்டர் வரட்டும்" என்று சொல்லிப் படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை லேபைத் திறந்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிடட்டுமா?

எல்சி


நீடாமங்கலம்
30 ஜனவரி 2025

எல்சி அக்கா,

அறுவடை இயந்திரம் போன வாரம்தான் எங்கள் வயலுக்கு வந்தது. ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் உங்கள் கடிதம். எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டையும் பார்த்தேன்.

நன்றி. இதை நான் சுலபமாக எழுதிவிடவில்லை.

சொல்ல வேண்டாம். உங்களுக்கு ஏற்கெனவே மெமோ வந்துவிட்டது, போதும். என் சண்டைக்கு நான் நிற்கிறேன். கமிட்டிக்குப் போன வாரமே ரிஜிஸ்டர் தபாலில் எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட்ட லெட்டர் எதையும் நான் கொண்டுவர மாட்டேன் என்று முதல் வரியிலேயே எழுதினேன். அதற்குப் பதிலாக ஒன்று கேட்டிருக்கிறேன். சேற்றில் இருந்து எடுத்த ஆர்.என்.ஏ. பத்துக் குழாயில் இருக்கட்டும். எதில் இரட்டை-ஜி, எதில் ஜி-ஏ, எதில் தண்ணீர் என்பதை அரசப்பன் சாரே, தன் கையால், அடுத்த அறையில் ஊற்றட்டும். அவரே நம்பர் போட்டுப் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். எதில் எல்லாம் ஜி-ஏ இருக்கிறது என்று நான் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். ஒரே ஒரு குழாய் தப்பினாலும் பதிவை ரத்து செய்யுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

கமிட்டியில் விண்ணரசி மேடம் என்று வேதியியலில் இருந்து ஒருவர் வருகிறார். அவர் ஒப்புக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறார். சார் ஒப்புக்கொண்டாரா என்று அதில் எழுதவில்லை.

அம்மா பயப்படுகிறாள். "ஒரு கொழா தப்பிருச்சுன்னா என்ன பண்ணுவே?" என்றாள். "நெல்லுல எது கருக்கா, எது மணின்னு ஒனக்குத் தப்புமா?" என்று கேட்டேன். "வாயி மட்டும் கொறையாது ஒனக்கு" என்றாள். பயம் எனக்கும் இருக்கிறது அக்கா. இரவில் தூக்கம் இல்லை. ஆனால் பொய்யில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்குவதற்கு இது மேல்.

நீங்கள் எனக்காகப் பொய் சொல்லவும் வேண்டாம், எனக்கு எதிராகச் சொல்லவும் வேண்டாம். சும்மா இருங்கள்.

எழில்


தஞ்சாவூர்
13 பிப்ரவரி 2025

எழில்,

நீ வெளியே அனுப்பப்பட்ட பிறகு உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. முடிவு தபாலில் வரும் என்று அவர்கள் சொன்னதும் நீ விறுவிறுவென்று பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அது வருவதற்குள் என் கடிதம் வர வேண்டும் என்று ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன்.

நீ இரண்டு, ஐந்து, ஆறு, ஒன்பது என்று எழுதி மேசையில் வைத்தாய். விண்ணரசி மேடம் சாரிடம் கை நீட்டினார். சார் பையில் இருந்த பட்டியலை எடுக்கவே ஒரு யுகம் ஆயிற்று. மேடம் வாங்கிப் படித்தார். "ரெண்டு, அஞ்சு, ஆறு, ஒம்போது." அதுவரை நீயும் இருந்தாய். சார் சும்மா இருந்திருக்கலாம். "கொழா சரிதான். இது இப்ப வந்த சேறு. பழைய மாதிரிய காட்டச் சொல்லுங்க. காட்ட முடியலைன்னா அப்ப எழுதுனது ஜோடிச்சது" என்றார். மேடம் உன்னைக் கேட்டார். "என்கிட்ட இல்ல மேடம்" என்றாய். எங்கே என்றார். "இல்ல" என்றாய். மறுபடி கேட்டதற்கும் "இல்ல". அப்போது ஒரு தரம் கூட நீ என் பக்கம் திரும்பவில்லை. உன்னை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

கதவு சாத்தியதும் சார், "பாத்தீங்கல்ல, பதில் இல்ல. சேத்துல பொறந்தா சேத்துலதான் மீன் பிடிக்கத் தோணும்" என்றார். இந்த முறையும் ஒருவர் சிரித்தார்.

நான் நீல விளக்கை அணைக்கக் குனிந்திருந்தேன். நிமிர்ந்துவிட்டேன். "அது இல்லாமப் போனது என்னால சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, திருப்பிச் சத்தமாகச் சொன்னேன். ஆயுத பூஜை, தொட்டி, ஏழு பாட்டில், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தது, அவருடைய ஃபைலில் இருந்து செய்து வாங்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் சார் "எல்சி" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். "பேசிக்கிட்டு இருக்கேன் சார், முடிச்சுக்குறேன்" என்றேன். பதினொரு வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

மேடம் கேட்டார்: "இந்தப் பொண்ணுக்கு இது தெரியுமா?" டிசம்பரிலிருந்து தெரியும் என்றேன். "பின்ன ஏன் சொல்லல?" "எனக்கு வேல போயிடும்னு" என்றேன். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

உன் பதிவு ரத்தாகாது. அந்த லெட்டர் தேவையில்லை என்று குறிப்பில் எழுதிவிட்டார்கள். இனி உனக்கு வழிகாட்டி விண்ணரசி மேடம். ஐந்தாவது அத்தியாயத்தோடுதான் தீசிஸ் போக வேண்டும் என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன்.

எனக்கு மார்ச் புதுப்பிப்பு கிடையாது என்று சாயங்காலமே தாள் வந்துவிட்டது. அழுதேன், பிறகு பசித்தது. மூன்று மாசத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். சும்மா இருக்கச் சொன்னாய், இருக்க முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

எல்சி


நீடாமங்கலம்
10 மார்ச் 2025

எல்சி அக்கா,

கோபம்தான். யார் உங்களைப் பேசச் சொன்னது? நான் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று தரம் 'இல்ல' என்று சொன்னது எதற்காக? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவிடம் கத்தினேன். அம்மா, "அந்தப் பொண்ணுக்கும் ரோஷம் இருக்காதா? ஒனக்கு மட்டும்தான் எழுதி வச்சிருக்கா?" என்றாள். எனக்கு உங்கள் மேல் கொள்ளை ஆசை அக்கா, அதைச் சொல்லவும் இந்தக் கடிதம்.

அரசப்பன் சார் போன வாரம் போன் செய்தார். கட்டுரை எழுதப்போகிறேன் என்று கேள்விப்பட்டாராம். லேப் அவருடையது, அதனால் கடைசிப் பெயர் அவருடையதாக இருப்பதுதான் முறையாம். உங்கள் பெயரை விட்டுவிடுவது நல்லதாம், மாதிரியை அழித்தவர் பெயர் இருந்தால் கட்டுரையின் மதிப்புக் குறையுமாம். பொறுமையாகக் கேட்டேன். "லேபுக்கு நன்றின்னு ஒரு வரி எழுதியிருக்கேன் சார். வேல செஞ்சவங்க பேரு மட்டும்தான் மேல வரும்" என்றேன். "இதுக்கெல்லாம் அனுபவிப்பே" என்றார். "சரிங்க சார்" என்று வைத்துவிட்டேன். விண்ணரசி மேடத்திடம் சொன்னதற்கு, அவரும் செய்யாத வேலைக்குத் தன் பெயர் வேண்டாம் என்றுவிட்டார். ஆக இரண்டே பெயர்தான், உங்களுடையதும் என்னுடையதும்.

மாதிரி எப்படிப் போயிற்று என்பதையும் எழுதிவிட்டேன். ஆயுத பூஜைக்கு லேபைக் கழுவியபோது கொட்டப்பட்டது, பிறகு அதே வயலில் மறுபடி எடுக்கப்பட்டது, கொட்டியவரே மறுபடி செய்து காட்டினார் என்று உள்ளபடி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

இன்று காலை மன்னார்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அனுப்பினேன், இங்கே வீட்டில் சிக்னல் நிற்பதில்லை. எல்லாம் ஏற்றிவிட்டேன். உங்கள் பெயருக்குக் கீழே 'நிறுவனம், விலாசம்' என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் போகவில்லை. உங்களை வெளியே அனுப்பிய இடத்தின் பெயரைப் போட எனக்கு மனம் இல்லை. சென்டர்க்காரர், "ஏதாவது ஒரு அட்ரஸ் போடுங்கம்மா, இல்லேன்னா விடாது" என்றார்.

எங்கள் வீட்டு விலாசத்தைப் போட்டேன். அப்பா பெயரோடு, வைரக்கண்ணு வீடு, காலனித் தெரு. பள்ளிக்கூடத்தில் விலாசம் எழுதச் சொன்னால் 'காலனி' என்ற சொல்லை விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருந்தவள் நான். இன்று ஒரு எழுத்து விடாமல் அடித்தேன், சேறு அங்கே இருந்துதான் வந்தது.

கட்டுரையைப் படித்துவிட்டு உலகத்தில் யாராவது உங்களுக்குக் கடிதம் எழுதினால் அது எங்கள் தெருவுக்குத்தான் வரும். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எழில்